வாளியில் மென்மை, பீரோவில் மணம்

போர்வெல் தண்ணீரில் துவைத்த தேங்காய்ப்பூத் துண்டை உச்சிவெயிலில் மொட்டைமாடிக் கொடியிலிருந்து எடுக்கும்போது அது அப்பளமாக விறைத்திருப்பதைப் பார்க்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. முகம் துடைத்தால் உரசும். குழந்தையின் சட்டையென்றால் கழுத்தோரம் சிவந்துபோகும். இதற்கு மருந்தாகத்தான் மளிகைச் சீட்டில் சோப்புத்தூளுக்கு அடுத்த வரியில் துணியை மென்மையாக்கும் திரவம் ஏறியது. 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த கம்ஃபோர்ட்டின் பெயர், எந்த நிறுவனத்தின் பாட்டிலுக்கும் பொதுப்பெயராகப் பல வீடுகளில் இன்று புழங்குகிறது.

அதே வீடுகளில் சிலர் இப்போது அந்தப் பாட்டிலை விட்டுவிடப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு அதன் வாசனை தலைவலி தருகிறது. இன்னொருவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வேறொருவருக்கு மாதச் செலவில் ஒரு வரி குறைந்தால் போதும். வினிகர், ஆப்பச் சோடா, நறுமண எண்ணெயில் பத்துச் சொட்டு என்று ஒரு குறிப்பு கைமாறிக் கைமாறி வருகிறது. அந்தக் குறிப்பில் பாதி உருப்படியானது, மீதிப் பாதி வீண். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் வீட்டிலேயே செய்வது மிக எளிது.

கடைப் பாட்டில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஈரமான பருத்தி நூலின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை இருக்கும். பாட்டிலில் இருப்பவை நேர்மின் தன்மையுள்ள கொழுப்பு மூலக்கூறுகள். கடைசி அலசலில் ஊற்றியதும் அவை நூலைப் பற்றிக்கொண்டு, கொழுப்பு வாலை வெளியே நீட்டி நிற்கின்றன. தொட்டால் வழுவழுப்பு தெரிவது அதனால்தான். அதாவது துணி மென்மையாகவில்லை. அதன்மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ஏறியிருக்கிறது. துண்டு நாளாக ஆக நீரை உறிஞ்ச மறுப்பதும், விளையாட்டுச் சட்டைகளில் வியர்வை நாற்றம் போகாமல் தங்குவதும் இந்தப் படலத்தால்தான்.

இது முற்றிலும் புதிய உத்தியும் இல்லை. சாயம் போட்டபின் முரடாகிவிடும் பருத்தியை வழிக்குக் கொண்டுவர, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நெசவாலைகள் சோப்பையும் எண்ணெயையும் மாட்டுக் கொழுப்பையும் நீரில் கலக்கிப் பயன்படுத்தின. பிறகு வந்த வீட்டுத் திரவங்களிலும் நெடுங்காலம் விலங்குக் கொழுப்பிலிருந்து செய்த உப்புகளே இருந்தன. அவை நீர்நிலைகளில் எளிதில் சிதையவில்லை என்று தெரிந்ததும், ஐரோப்பாவில் 1990-களில் அவற்றுக்குப் பதிலாக விரைவில் சிதையும் வகைகள் வந்தன. அந்த மாற்றம் நல்லதுதான். ஆனால் வாசனையை வாரக்கணக்கில் பிடித்துவைக்கப் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அடைத்த நுண்துகள்கள் சேர்ந்தன. துணியை உரசும்போது ஓடு உடைந்து மணம் கிளம்பும். உடைந்த ஓடு சாக்கடைக்குப் போகும். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் இந்த வாசனை உறைகளும் அடக்கம். அவற்றை மாற்றிக்கொள்ள 2029 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

சரி, துணி ஏன் விறைக்கிறது? முதல் குற்றவாளி தண்ணீர். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500. பல ஊர்களில் துவைக்கிற தண்ணீர் அந்த மேல் எல்லையையே தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த நீரின் கால்சியமும் மக்னீசியமும் சோப்புக் கட்டியோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலிடுக்கில் படிகின்றன. விலை மலிவான சோப்புத்தூளில் சலவைச் சோடா அதிகம். அது கால்சியத்தைச் சுண்ணாம்புத் துகளாகத் துணியின் மேலேயே இறக்கிவிடும். போதாக்குறைக்குச் சரியாக அலசாத காரமும் தங்குகிறது.

இரண்டாவது காரணம் பலரும் எதிர்பாராதது. சுத்தமான நீரில் அலசிய பருத்தியும் அசையாமல் தொங்கிக் காய்ந்தால் விறைக்கிறது. ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. காய்ந்த பருத்தியிலும் நூலிழைகளின் மேல் கொஞ்சம் நீர் ஒட்டியிருக்கிறது. அந்த நீரே பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கிறது. பிணைப்பை அறுக்கக் கையால் கசக்கினாலே போதும். பிழிந்த துணியை இரண்டு கையாலும் பிடித்துப் படபடவென்று உதறிக் கொடியில் போடுவதும், முக்கால்வாசி காய்ந்ததும் மறுபடி உதறித் திருப்பிப் போடுவதும், மடிக்கும்முன் ஒரு தட்டுத் தட்டுவதும் எந்தத் திரவத்துக்கும் குறையாத வைத்தியம். காசு ஒரு பைசா ஆகாது. இந்தப் பழக்கத்தை வீட்டில் இளையவர்களுக்கு யாரும் சொல்லித்தராமல் விட்டதுதான் வருத்தம்.

அடுத்தது வாளி. கடைசி அலசலுக்குப் பதினைந்து லிட்டர் நீரில் 50 முதல் 100 மில்லி வரை சாதாரண வெள்ளை வினிகர். நீர் எவ்வளவு உப்போ அவ்வளவு கூடுதல். துணியை ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்தால் போதும். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் தங்கியிருக்கும் காரத்தைச் சமன்செய்து சுண்ணாம்புப் படிவைக் கரைக்கிறது. புளித்த வாடை காயும்போதே ஆவியாகிப் போய்விடும். வினிகர் பிடிக்காதவர்கள் எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு தேக்கரண்டி கரைக்கலாம். சிட்ரிக் அமிலம் ஆவியாகாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அளவு மீறிப்போட்டு அலசாமல் விட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பருத்தி பழுப்பேறி நைந்துபோகும். வாஷிங் மெஷினில் சாஃப்ட்னர் ஊற்றும் குழியில் 100 மில்லி வினிகர் ஊற்றலாம். ரப்பர் பாகங்கள் நாளடைவில் கெடக்கூடும் என்று தயாரிப்பாளர்கள் சிலர் எச்சரிப்பதால், ஒவ்வொரு சலவைக்கும் ஊற்ற வேண்டாம். துண்டு விறைக்கத் தொடங்கும்போது செய்தால் போதும்.

இரண்டு தடைகள் உண்டு, இரண்டும் கண்டிப்பானவை. பிளீச்சிங் பவுடரோ குளோரின் கலந்த வெளுப்பானோ இருக்கும் நீரில் வினிகரை ஊற்றக் கூடாது; நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். சோப்பு நுரை இருக்கும்போதும் ஊற்றக் கூடாது. அமிலம் சோப்பை உடைத்துக் கொழுப்பாக்கித் துணியிலேயே ஒட்டவைத்துவிடும்.

இனி வீண்பாதி. வினிகரையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலக்கும் குறிப்பு பார்க்க அழகாக இருக்கிறது, பொங்கி வழிகிறது. பொங்கியது கரியமில வாயு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த நீர். அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று. சோடாவைத் துவைக்கும்போதும் அமிலத்தைக் கடைசி அலசலிலும் தனித்தனியே போட்டால் இரண்டும் வேலை செய்யும். தலைக்குப் போடும் கண்டிஷனரை வினிகரில் கலக்கும் இன்னொரு குறிப்பும் உண்டு. அதில் துணி வழுவழுப்பாகும், சந்தேகமில்லை. ஆனால் கண்டிஷனரில் இருப்பதும் கடைத் திரவத்தின் உறவுக்காரர்களான அதே நேர்மின் கொழுப்புகள்தான். இயற்கை என்ற பெயரில் அதையே சுற்றிவளைத்து வாங்குவதற்குப் பாட்டிலை நேராகவே வாங்கிவிடலாம்.

கடையில் விற்கும் வெள்ளை வினிகரும் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்துச் செய்ததுதான். அதைச் செயற்கை என்று லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவு விதி. துணி அலசுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. புளிக்கவைத்த வினிகர்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தென்னங்கள்ளில் செய்த வினிகர் உண்டு. இலங்கைச் சமையலறைகளில் அது பழகிய பொருள். நிறமில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த அலசல் நீர் வானத்திலிருந்து விழுகிறது. மழைநீரில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய்கள் நிலத்தடிக்குப் போனாலும், ஐப்பசி கார்த்திகையில் மாடியிலிருந்து வரும் நீரில் ஒரு பீப்பாய் பிடித்துவைக்க இடமிருந்தால், கைக்குழந்தையின் துணிகளைக் கடைசியாக அதில் அலசிப் பார்க்கலாம். வினிகருக்கே வேலை இருக்காது. பிடித்துவைத்த நீரை மூடிவைப்பது முக்கியம், கொசு காத்திருக்கும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் பழைய வழி பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கித் தோலை வெந்நீரில் ஊறவைத்தால் நுரை வரும். அதிலுள்ள சப்போனின்கள் கடின நீரிலும் சோப்பைப் போலப் பிசுக்காகப் படிவதில்லை. ஜரிகையில்லாத பட்டைக் கடைசியில் மிக நீர்த்த வினிகரில் முக்கியெடுத்தால் பளபளப்பும் சரசரப்பும் திரும்பும். நெசவுத் தொழிலில் பட்டுக்குச் சரசரப்பேற்றும் முறையும் நீர்த்த அமிலத்தில் தோய்ப்பதுதான். ஜரிகை உள்ள காஞ்சிப் பட்டை அமிலத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

மணத்துக்கு வருவோம். வீட்டுக் குறிப்புகள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். நறுமண எண்ணெய் நீரில் கரையாது. வாளியில் விட்ட சொட்டுகள் மேலே மிதந்து, கடைசியில் ஏதாவது ஒரு சட்டையின் நெஞ்சில் எண்ணெய்க் கறையாக ஒட்டும். மீதி சாக்கடைக்கு. ஒட்டியதும் நிற்காது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களின் மணம் லிமோனின் என்ற இலேசான பொருள். சித்திரை வெயிலில் கொடியில் ஒரு மணி நேரம் தொங்கினால் அது போன இடம் தெரியாது. மேலும், காற்றுப் பட்டுப் பழையதான லிமோனின் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதாக அறியப்பட்டது. செடியிலிருந்து வந்தது என்பதற்காக அது எல்லார் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்றில்லை.

ஆகவே மணத்தை வாளியில் தேடாமல் பீரோவில் வைப்பதே அறிவு. நம் பாட்டிமார் செய்ததும் அதைத்தான். தாழம்பூ மடலைப் புடவை மடிப்புகளுக்கு நடுவே வைத்தார்கள். மகிழம்பூ காய்ந்து சருகான பிறகும் மணப்பது. ஒரு பிடி போதும், பெட்டி முழுக்க நிறையும். மரிக்கொழுந்தையும் நிழலில் உலர்த்தி வைக்கலாம். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் ரோஜா மொட்டு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு எல்லாம் பொட்டலமாகவே கிடைக்கும்.

இவற்றில் முதலிடம் வெட்டிவேருக்கு. கடலூர் மாவட்டத்துக் கடலோர மணற்பாங்கில் இது பயிராகிறது. மணலென்பதால் வேர் அறுந்துபோகாமல் முழுசாக வரும். இதன் மணப் பொருள்கள் கனமான மூலக்கூறுகள்; மெதுவாகத்தான் ஆவியாகும். தைலம் இறக்கப் பல மணி நேரம் நீராவியில் வேக வேண்டியிருப்பதும், வாசனைத் திரவியம் செய்பவர்கள் மற்ற மணங்களைப் பிடித்துநிறுத்த இதைச் சேர்ப்பதும் அதனால்தான். ஒரு கைப்பிடி வேரை மண் போக அலசி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய வேட்டித் துணியில் முடிந்து துணி அடுக்குகளுக்கு இடையில் வைத்தால் மாதக்கணக்கில் மணக்கும். மணம் மங்கினால் இலேசாக நீர் தெளித்து, காற்றாட உலர்த்தி மறுபடி வைக்கலாம். அலசும் நீரிலேயே மணம் வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பவர்கள் அதே முடிச்சை இரவு முழுக்க அரை வாளி நீரில் ஊறவிட்டுப் பயன்படுத்தலாம். மெலிந்த மணம் கிடைக்கும். நீர் இலேசாகப் பழுப்பேறும் என்பதால் வெள்ளைத் துணிக்கு ஆகாது.

பீரோவில் வேறு எதை எடுத்துப் போட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. அந்துருண்டை என்று வாங்குவது பல சமயம் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு அந்துருண்டைப் பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் போர்த்தினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். காய்ந்த வேப்பிலையையும் நொச்சியையும் வசம்புத் துண்டையும் வைத்துவந்த வீடுகளில் அந்த ஆபத்து இல்லை.

தமிழ் வீடுகள் எல்லாத் துணியிலும் மென்மையைக் கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேட்டிக்கும் பருத்திப் புடவைக்கும் சோறு வடித்த கஞ்சி போட்டு மொறமொறவென்று உடுத்துவதே அழகு. கைத்தறிப் பாவுக்கே நெசவுக்கு முன் கஞ்சிப் பசை ஏற்றப்படுகிறது. அந்தப் பசை முதல் சில சலவைகளில் கழன்று, பிறகு ஆண்டுக்கணக்கில் துவைத்து உதறி உடுத்தி இழைகள் நெகிழ்ந்த நூல் புடவையைத்தான் தூளி கட்டவும், பிறந்த குழந்தையைச் சுற்றவும் எடுத்துவைத்தார்கள். அதைவிட மென்மையான துணியை எந்தப் பாட்டிலும் தந்ததில்லை. கைக்குழந்தையின் துணிக்கு மணமும் வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் காயவைத்தாலே நிறைவு.

கடைத் திரவத்திலிருந்து மாறுகிறவர்கள் ஒரே சலவையில் வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். பழைய கொழுப்புப் படலம் கழல, துண்டுகளை வெந்நீரில் சோப்பு மட்டும் போட்டு இரண்டு மூன்று முறை துவைக்க வேண்டும். பிறகு காய்ந்த துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு நின்றால் படலம் இன்னும் இருக்கிறது, மறுபடி துவையுங்கள். விட்டவுடன் உள்ளே இறங்கினால் துண்டு சுத்தமாகிவிட்டது. அடுத்த சலவையிலிருந்து வினிகரும் உதறலும் போதும்.