கழுத்துல தொங்குன ஒரு கிலோ

எங்க வாசுதேவநல்லூர்ல மொட்டைமாடி ஏறி மேற்கே பாத்தா மலைதான். பொறந்ததுல இருந்து பாத்த மலைங்கறதால அது மேல என்ன ஓடுது, என்ன பறக்குதுன்னு ஒருநாளும் கேட்டதில்லை. ஐம்பது வயசுக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான் அந்த ஆசை முளைச்சுது. (இந்த வயசுல இது தேவையான்னு தங்கமணி கேட்டது தனிக்கதை.)

ஆசை வந்ததும் முதல்ல பண்ணுன காரியம், ஒரு பைனாகுலர் வாங்குனது. 10x50, விலை எட்டாயிரம் சொச்சம். முன்னால இருக்கற 10 எத்தனை மடங்கு கிட்டக்காட்டும்ங்கறது, பின்னால இருக்கற 50 முன்பக்கக் கண்ணாடியோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டுமே பெருசா இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன். துணிக்கடையில பெரிய சைஸ் எடுத்தா காசுக்கு லாபம்னு நெனைக்கிற அதே புத்தி.

எடை கிட்டத்தட்ட 900 கிராம். கையில தூக்கிப் பாத்தப்ப ஒண்ணும் தெரியலை. தெரிஞ்சது சதுரகிரியில.

ஒரு அமாவாசைக்கு நானும் தம்பியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, அங்கிருந்து தாணிப்பாறை போயி ஏற ஆரம்பிச்சோம். முதல் அரை மணி நேரம் கழுத்துல பைனாகுலரோட நான் பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி நடந்தேன். பாறையில கை ஊன்றி ஏறுறப்பல்லாம் அது ஊஞ்சலாடி நெஞ்சுல இடிக்குது. வார் பின்கழுத்தை அறுக்குது. எனக்கு ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்மானம், பெல்ட் போட்ட ஆளு. கடைசியில கழட்டிப் பைக்குள்ள, தண்ணி பாட்டிலுக்கும் துண்டுக்கும் கீழ போட்டாச்சு.

சொல்லி வச்சாப்புல கொஞ்ச நேரத்துல தம்பி கையைப் புடிச்சான். "அண்ணே, அங்க பாரு, அணிலு!" சாம்பல் மலை அணில். 1988ல அந்தக் காட்டைச் சரணாலயமா அறிவிச்சதே அதுக்காகத்தான். நான் பையைத் திறந்து, துண்டை எடுத்து, பாட்டிலை எடுத்து, உறையைப் பிரிச்சு, கண்ணுல வச்சப்ப ஆடுற கிளைதான் தெரிஞ்சுது. மூச்சு வாங்குனதுல அந்தக் கிளையும் நின்னபாடில்லை. பத்து மடங்கு பெருசாக் காட்டுற கருவி நம்ம கை நடுக்கத்தையும் பத்து மடங்காக் காட்டும்னு கடைக்காரர் சொல்லலை.

அப்புறம்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். எடை குறைஞ்சா விலை ஏறுது. இது என்ன அநியாயம்? கம்மி சாமானுக்கு அதிகக் காசா?

காரணம் உள்ள இருக்கற பட்டகத்துல இருக்கு. என்னோடது போரோ வகை, தோள் அகலமா இருக்கும். செய்யறது சுலபம், கம்மி விலையிலயே படம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா பருமன். குழாய் மாதிரி நேரா, ஒல்லியா இருக்கறது ரூஃப் வகை. அதுல பட்டகத்தை நூல் பிசகாம இழைக்கணும், ஒளியலைகள் ஒண்ணோட ஒண்ணு முன்னப்பின்ன ஆகாம இருக்க மேல தனிப்பூச்சு பூசணும். அதைச் செய்யாம மலிவா வர்ற ரூஃப் வகையில படம் மங்கல்தான். உடம்பை மெக்னீசியம் கலப்பு உலோகத்துல செஞ்சா இன்னும் எடை குறையும், அதுக்கும் தனிக்காசு.

சரி, சட்டைப்பையில போடற 8x25 வாங்கிட்டா? கம்மி எடை, கம்மி விலை. ஆனா பின்னால இருக்கற எண்ணை முன்னால இருக்கறதால வகுத்துப் பாருங்க. 25ஐ எட்டால வகுத்தா மூணு சொச்சம். கண்ணுக்குள்ள வர்ற ஒளிக்கத்தை அவ்வளவு மில்லிமீட்டர்தான். நட்டநடு வெயில்ல போதும். மரநிழல்ல, விடியக்காலையில, அதாவது பறவையும் அணிலும் நடமாடற நேரத்துல போதாது. 8x32ன்னா நாலு. 8x42ன்னா அஞ்சேகால், ஆனா எடை திரும்ப ஏறிரும்.

நல்ல 8x30, அரைக்கிலோவுக்கும் கீழ, முப்பதாயிரத்துக்கு மேல சொன்னாங்க. அந்த மாசம் மவ காலேஜுக்குக் கட்ட வேண்டிய பணம் பீரோவுல இருந்துச்சு. ரெண்டு நாள் அந்தப் பீரோவைப் பாக்காமலே நடந்தேன். நடுவுல ஒரு சமாதானமும் பண்ணிப்பாத்தேன்: வாருக்குப் பதிலா முதுகுல பெருக்கல் குறி மாதிரி மாட்டுற பட்டை. கனம் தோளுக்குப் போயிரும், கழுத்துக்கு நிம்மதி. உண்மையிலேயே நல்ல சாமான். ஆனா கை நடுக்கம்? அது அப்படியேதான இருக்கு.

தங்கமணிதான் முடிச்சு வச்சா. "நீங்க கழுத்துக்கு டாக்டர்கிட்ட குடுத்ததையும் சேத்துதான் எட்டாயிரத்தைப் பாக்கணும். ஆனா காலேஜ் பணத்துல கைய வைக்காதீங்க."

பதினாலாயிரத்துக்கு ஒரு 8x32, மூணு மாசத் தவணை. எடை அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஓரத்துல படம் லேசா மழுங்குது. முப்பதாயிரத்தோடதுல மழுங்காதுங்கறது தெரியும், தெரிஞ்சும் வாங்குனேன். கூந்தன்குளம் கரையில கழுத்துல போட்டுக்கிட்டு நாலு மணி நேரம் நடந்தேன், பெல்ட்டு போட வேண்டி வரலை.

பழசை விக்கலாம்னு எடுத்தா அப்பா விடலை. கண்புரை ஆபரேஷன் ஆனதுல இருந்து சாயங்காலம் மாடியில அவரு ஆட்சிதான். கைப்பிடிச் சுவர் மேல தலையணையை வச்சு, அது மேல அந்த 900 கிராமை வச்சுப் பாக்காரு. நடுக்கமே இல்லை. மலையடிவாரத் தோப்புல யானை இறங்குற காலம் வேற. நேத்து கீழே இருந்த என்னைக் கூப்பிட்டாரு.

"ஏலே, அந்தப் பாறைக்கு மேல கறுப்பா ஒண்ணு அசையுது. உன் சின்னதையும் எடுத்துட்டு வா, எதுல நல்லாத் தெரியுதுன்னு பாப்போம்."

அவருதுலதான் நல்லாத் தெரிஞ்சுது. எருமை.