கட்டுக்கரையில் ஒரு கோப்பை கஞ்சி

மன்னார்ப் பாலம் தாண்டி, உயிலங்குளமும் கழிந்த பிறகு பஸ்ஸுக்குள் வரும் காற்று மாறிவிடும். உப்புக் காற்று போய் வயற்காற்று வீசும். மாசி மாதம், காலபோக அறுவடை நேரம். தங்கையின் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு முருங்கனுக்குக் கிட்ட இறங்கினேன். 2009இல் செட்டிகுளம் முகாமில் எனக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த அக்காவின் வீடு கட்டுக்கரைக் குளத்தடியில் இருக்கிறது. பல வருடங்களாகக் கூப்பிட்டு, இப்போதுதான் போகக் கிடைத்தது.

அக்கா முதலில் குளக்கட்டுக்குத்தான் கூட்டிப்போனார். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். கரையோரம் தாமரை, கொக்கு, நாரை, நீர்க்காகம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய குளம் என்று சொல்வார்கள். சிங்களத்தில் யோத வாவி என்று பெயர். அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து, வாய்க்கால் வழியாக இங்கே தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பாழடைந்து கிடந்த குளத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் திருத்தினார்கள். 1954இல் இது சரணாலயமாக்கப்பட்டது. முருங்கன், நானாட்டான் பக்கத்து வயல்களுக்கு இந்தக் குளம்தான் உயிர்.

மத்தியானம் சிவப்பரிசிச் சோறும், பழப்புளி விட்ட மீன்குழம்பும். நான் விடத்தல்தீவில் பிறந்தவள். கடல்மீன் தின்று வளர்ந்த நாக்கு. "கொடுவா நல்ல ருசியாயிருக்குது அக்கா" என்றேன். அக்கா சிரித்தார்.

"கொடுவாவோ? அது குளத்து ஜப்பான் மீன், பிள்ளை."

அடுத்த வாயில் எனக்குச் சேற்று வாடை அடித்தது! அதே சட்டி, அதே குழம்பு. "குளத்துமீன் சேறு மணக்கும்" என்று எங்கள் கரையில் சின்ன வயது முதல் கேட்ட கதைதான் வாய்க்குள் மணந்தது. ஜப்பான் மீன் ஜப்பானில் பிறந்ததும் இல்லை. ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா, 1950களில் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. பெயரை வைத்து மீனை எடைபோட்ட என் புத்தியை நினைத்து நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் பின்னேரம் நடந்தது சிரிக்கும் விடயமல்ல.

அக்கா முருங்கையிலைக் கஞ்சி காய்ச்சினார். கோப்பையைக் கண்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில், அரிசியும் உப்புத் தண்ணீருமாய் இருந்த கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். அந்த வரிசையில் செல் விழுந்ததையும் கண்டவள். ஒவ்வொரு மே 18இலும் அந்தக் கஞ்சியை நினைவுக்காகக் குடிக்கிறோம். அன்றைக்கு மட்டும்தான் என்னால் முடியும். மற்ற நாட்களில் கஞ்சி என்றாலே பசி போய்விடும்.

தங்கையின் மகளும் முகத்தைத் திருப்பினாள். அதற்குக் காரணம் போர் அல்ல, நான்தான். இரத்தம் குறைவு, கீரை கொடுங்கள் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து, "உடம்புக்கு நல்லது, மூக்கைப் பொத்திக்கொண்டு குடி" என்றே கொடுத்திருக்கிறேன். மூக்கைப் பொத்தச் சொன்னால், அது ருசியில்லாதது என்றுதானே பிள்ளை விளங்கிக்கொள்ளும்?

அக்கா வற்புறுத்தவில்லை. பிள்ளையை அடுப்படிக்குக் கூப்பிட்டு முருங்கையிலை உருவ விட்டார். உள்ளி தட்ட விட்டார். இறக்கி வைத்த கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, "அறுவடைக்கு வாற ஆக்கள் கேட்டு வாங்கிக் குடிக்கிறது. நல்ல தேங்காய்ப்பால் வாசம், பார்" என்றார். உடம்புக்கு நல்லது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளை ஊதி ஊதிக் குடித்து முடித்தாள். நான் அரைக் கோப்பை குடித்தேன். அக்காவும் அதே முள்ளிவாய்க்காலால் வந்தவர்தான். "எனக்கும் நாலைஞ்சு வருசம் எடுத்தது" என்று மட்டும் சொன்னார்.

பின்பு ஒரு போசாக்குக் கருத்தமர்வில் கேட்ட செய்தி இதை நினைவூட்டியது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உணவுச்சாலையில் செய்த ஆய்வு, 2017இல் வெளிவந்தது. ஒரே விதமாகச் சமைத்த மரக்கறிக்கு ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர் எழுதி வைத்தார்கள். "சீனி சேர்க்காதது" போன்ற கட்டுப்பாட்டுப் பெயர் இருந்த நாட்களைவிட, ருசியைச் சொல்லும் பெயர் இருந்த நாட்களில் 41 வீதம் கூடுதலானோர் அந்த மரக்கறியை எடுத்தார்களாம். அடுப்படியில் அக்கா செய்ததும் இதுதான்.

சகோதரிகளே, கையில் காசில்லாத வீட்டில் பெயரை மாற்றினால் மட்டும் சட்டி நிறையாது. ஆனால் வேலியில் முருங்கை நிற்கிறது, குளத்தில் மீன் இருக்கிறது. அவற்றை மருந்து என்றும் இல்லாதவர் சாப்பாடு என்றும் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். நாங்கள் பட்ட துன்பத்தைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். அதைச் சொல்ல வேறு நேரம் இருக்கிறது. சாப்பிடும் நேரத்தில் ருசியைச் சொல்லுவோம்.

திரும்பும்போது அக்கா ஒரு பை சிவப்பரிசி தந்துவிட்டார். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கஞ்சி. இலை உருவுவது பிள்ளையின் வேலை. நான் இன்னும் அரைக் கோப்பைதான் குடிக்கிறேன்.