அரிச்சல்முனையில் 13 நிமிடம்

ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடிக்கும் ஓர் எட்டு போய் வருவது வழக்கம். இடிந்த சர்ச் வாசலில் ஒரு செல்ஃபி, பிள்ளைகளுக்குச் சிப்பி மாலை, பொரித்த மீன், அரிச்சல்முனை அசோகர் தூணைச் சுற்றி ஒரு நடை. ஒன்றரை மணி நேரத்தில் வண்டி திரும்பிவிடும். மதுரையில் இருக்கும் என் அண்ணன் அங்கே போவது இதற்கெல்லாம் இல்லை. அவருக்கு வேண்டியது அடிவானம்.

அண்ணன் ஹாம் ரேடியோக்காரர். தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் கருவியில் உலகம் முழுக்க இருக்கும் மற்ற உரிமதாரர்களோடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ. வியாபாரம் பேசக் கூடாது, பேசுவதற்குக் காசு வாங்கக் கூடாது. 12 வயது ஆகிவிட்டால் தேர்வு எழுதலாம். என் மகளுக்கு 14. மாமாவின் பின்னாலேயே சுற்றிச் சுற்றி, போன வருடம் அவளும் எழுதிவிட்டாள். 'வி.யூ.3' என்று தொடங்கும் கால் சைன் வந்தது. கால் சைன் என்றால் வண்டி நம்பர் மாதிரி. உலகத்தில் ஒருவருக்கு ஒன்றுதான்.

மதுரைக்குள் இருக்கும் ஹாம்களோடு பேசுவது அவளுக்குச் சுலபமாக வந்துவிட்டது. செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதுதான் வரவில்லை. மொட்டை மாடியில் நின்று நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பதிலும் இல்லை. "எனக்கு இது வேண்டாம் மாமா" என்று மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். சென்ற ஜனவரியில் அண்ணன் எங்களைத் தனுஷ்கோடிக்குக் கிளப்பியது அதனால்தான்.

செயற்கைக்கோள் என்றதும் இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையும் பெரிய டிஷ்ஷும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. ஹாம்களுக்கென்றே சின்னச் சின்ன செயற்கைக்கோள்கள் 1961-லிருந்தே மேலே போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வருடம் டிசம்பர் 12-ல் ஏவப்பட்ட 'ஆஸ்கர் 1' நாலரை கிலோ எடை. மோர்ஸ் ஒலியில் 'ஹாய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே மூன்று வாரம் சுற்றியது. நம் நாட்டுக்கும் ஒன்று இருந்தது. 'ஹாம்சாட்'. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் கிளம்பியது. அதை நேரில் நின்று பார்த்தவர் அன்றைய ஜனாதிபதி அப்துல் கலாம், இதே ராமேஸ்வரத்துக்காரர். இரண்டு வருடம் உழைக்கும் என்று கணக்குப் போட்ட ஹாம்சாட் 2014 வரை உழைத்தது. அண்ணனுக்கு இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் குரல் கொஞ்சம் மாறும்.

நாங்கள் தேடிப் போனது 'எஸ்.ஓ.50' என்ற சவுதி செயற்கைக்கோளை. 2002 டிசம்பரில் ஏவப்பட்டது, என் மகளைவிட மூத்தது. நாம் 145.850 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அதைக் கேட்டு அதே நொடியில் 436.795-ல் திருப்பிச் சொல்லும். அது திருப்பிச் சொல்லும் சக்தி வெறும் கால் வாட். ஒரு சின்ன டார்ச் பல்புக்குக்கூட அதைவிட அதிகம் வேண்டும். அந்தக் கால் வாட் 5,000 கிலோமீட்டர் அகலத்துக்குக் கேட்கும், நடுவில் எதுவும் மறைக்காத வரை.

சிக்கலே அந்த மறைப்பில்தான். எஸ்.ஓ.50 ஒரு பக்கம் எழுந்து தலைக்கு மேல் போய் மறுபக்கம் இறங்குவதற்குச் சுமார் 13 நிமிடம் ஆகும். அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் அது 20 டிகிரி உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். மதுரையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அந்த உயரம் வரை பக்கத்து அபார்ட்மென்ட்தான் தெரியும். போதாததற்கு இன்வெர்ட்டர், எல்.இ.டி விளக்கு என்று வீட்டுக்கு வீடு இரைச்சல். தூரத்து ஊர்க்காரர்கள் பிடிபடுவதோ, அது அடிவானத்தை ஒட்டி இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

அரிச்சல்முனையில் மூன்று பக்கமும் கடல். எந்தத் திசையில் திரும்பினாலும் வானம் தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2017-ல் சாலை போட்ட பிறகு கார் முனை வரைக்கும் போகிறது. அதற்கு முன்பு மணலில் வேனில் குலுங்கித்தான் போக வேண்டும்.

கருவிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு அரை இஞ்ச் பி.வி.சி பைப். அதன் குறுக்கே, தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கிய இறக்கைகள். ஒரு மீட்டர் நீளத்தில் சில, பேசுவதற்கு. ஒரு முழத்துக்கும் குறைவாகச் சில, கேட்பதற்கு. டேப் வளையும் என்பதால் காரின் பின்சீட்டில் மடங்கிக் கிடக்கும், எடுத்தால் டக்கென்று நிமிர்ந்துகொள்ளும். இரண்டு வாக்கி டாக்கி, ஒன்று பேச, ஒன்று ஹெட்போன் வழியாகக் கேட்க. பேசும் சக்தி 5 வாட். செயற்கைக்கோள் எப்போது எங்கே வரும் என்று காட்டும் செயலி போனில் இருக்கிறது. ராமேஸ்வரத்திலேயே அதை அப்டேட் செய்துகொண்டார்கள், முனையில் சிக்னலை நம்ப முடியாது. சில நேரம் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும்.

இது எல்லையோரம். கையில் வயர்லெஸ்ஸோடு நிற்பவரை யாரும் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. அண்ணன் காலையிலேயே சோதனைச் சாவடியில் இரண்டு உரிமங்களையும் காட்டி, எந்த நேரத்தில் எங்கே நிற்போம் என்று சொல்லிவிட்டு வந்தார். "அஞ்சு மணிக்கு எல்லாரையும் கிளப்பிடுவோம் சார், அதுக்குள்ள முடிச்சுக்கோங்க" என்றார்கள். செயற்கைக்கோள் வருவது 3.42-க்கு. அடுத்தது ஐந்தேகாலுக்கு மேல். ஆக, கையில் இருந்தது ஒரே வாய்ப்பு.

மதியம் முழுக்க மணலில் திரிந்தோம். ஒரு பக்கம் வங்கக் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. மறுபக்கம் மன்னார் வளைகுடா அடித்துக்கொண்டு வருகிறது. இங்கே உள்ளவர்கள் முதலாவதைப் பெண் கடல் என்றும் அடுத்ததை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். (பெண் கடலை யாரும் கோபப்படுத்திப் பார்த்ததில்லை போலும் என்று நினைத்தேன். 1964 டிசம்பர் 22 இரவு நினைவுக்கு வந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.) அந்த இரவு வந்த புயலில்தான் தனுஷ்கோடி என்ற ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் நடந்தது வெளியே தெரியவே நெடுநேரமானது.

சிப்பிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "என்ன சார், டிவி கம்பி மாதிரி இருக்கு?"

அண்ணன் விளக்கினார். பெரியவர் நேரே விஷயத்துக்கு வந்தார். "கடல்ல மாட்டிக்கிட்டா இதுல கூப்பிடலாமா? மகன் தொழிலுக்குப் போறான்."

"இல்லைய்யா. இது எப்பவும் மேல நிக்காது. ஒரு நாளைக்குச் சில தடவை, வந்தா பத்துப் பன்னெண்டு நிமிஷம், அவ்வளவுதான். உங்க மகன் படகுல இருக்கிற வி.ஹெச்.எஃப் செட்தான் அவருக்கு நல்லது. அதை மட்டும் ரிப்பேராப் போட்டுடாதீங்க."

அண்ணனிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். தன் பொழுதுபோக்கை உயிர் காக்கும் மந்திரம் என்று யாரிடமும் விற்கமாட்டார்.

3.40. வாடைக் காற்று ஹெட்போனுக்குள் புகுந்தது. மகள் ஆன்டெனாவை வடமேற்கே நீட்டிக்கொண்டு நின்றாள். எஸ்.ஓ.50 சும்மா கிடந்தால் உறங்கிவிடும். 74.4 ஹெர்ட்ஸில் ஒரு தொனியை அனுப்பி எழுப்பினால் பத்து நிமிடம் விழித்திருக்கும். எங்களுக்கு முன்னால் வடக்கே யாரோ எழுப்பிவிட்டிருந்தார்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு குரல், உடனே இன்னொன்று, அடுத்த நிமிடம் சந்தைக்கடை. நாடு முழுக்க இருந்து 'விக்டர் யூனிஃபார்ம்' 'விக்டர் யூனிஃபார்ம்' என்று கூப்பிடுகிறார்கள். ஒரே நேரத்தில் ஒருவர் குரலைத்தான் அது ஏற்றுக்கொள்ளும்.

மகள் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். வேறொருவர் குரல் அவள் குரலை அமுக்கிவிட்டது. ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் இறங்குமே, அதைப் போல இதன் அலைவரிசையும் இறங்கிக்கொண்டே வரும். 436.805-ல் ஆரம்பித்து, 800, 795 என்று அண்ணன் ஒரு கையால் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். இவள் மணிக்கட்டைப் பூட்டில் சாவி திருகுவது போலத் திருப்பினாள். குரல் தெளியும், மங்கும், மறுபடி திருப்ப வேண்டும். ஒன்பது நிமிடம் இப்படியே போனது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

செயற்கைக்கோள் தென்கிழக்கே இறங்க இறங்க, வடநாட்டுக் குரல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மதுரை மாடியில் இந்த நேரத்துக்கு எல்லாம் முடிந்திருக்கும். இங்கே இன்னும் கடல் மட்டம் வரை பாக்கி இருந்தது.

"இப்பக் கூப்பிடு பாப்பா. ஆள் கொறைஞ்சிருச்சு. நிதானமா."

அவள் தன் கால் சைனைச் சொல்லி, "மைக் ஜூலியட் நைன் நைன்" என்றாள். அது நாங்கள் நின்ற கட்டத்தின் பெயர். ஹாம்கள் உலகத்தை 32,400 கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மதுரையும் இதே கட்டத்தில்தான் வருகிறது, ஆகவே கட்டத்துக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

இரைச்சல். பிறகு, வேறு மாதிரியான ஆங்கிலத்தில் ஒரு ஆண் குரல், இவளுடைய கால் சைனை எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொன்னது. "ஃபைவ் நைன். நவம்பர் ஜூலியட் செவன் ஃபைவ். அச்சே, இந்தோனேசியா."

மகள் ஒரு நொடி வாயடைத்து நின்றாள். அப்புறம் படபடவென்று பதில் சொன்னாள். அவர் 'செவன்டி த்ரீ' என்றார். ஹாம்கள் விடைபெறும் சொல் அது. மொத்தம் இருபது நொடி இருக்கும். போன் பதிவில் பிறகு கேட்டபோது, என் "ஐயோ!" தான் அதில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருக்கிறது.

அவள் குதித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குதிக்கவில்லை. ஆன்டெனாவை வாங்கி மணலில் ஊன்றிவிட்டு, குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே?"

"அச்சேன்னான்ல?"

2004-ல் அண்ணனுக்கு நாகப்பட்டினத்தில் தொலைபேசித் துறையில் வேலை. அந்த டிசம்பர் 26 பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை. அடுத்த வருடமே ஹாம் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அன்று காலை ஆறரை மணி அளவில் அச்சேவை ஒட்டிய கடலடியில் பூமி நடுங்கியது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தமிழ்நாட்டில் போன 8,000 பேர் அளவிலான உயிர்களில் பெரும்பகுதி நாகை மாவட்டத்தில்.

"ரெண்டு மணி நேரம் இருந்துச்சும்மா. சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லை." அவ்வளவுதான் சொன்னார்.

என் மகளின் குரல் அதே தூரத்தைப் போய்த் தொட எடுத்துக்கொண்டது நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. அதற்காக அன்றைக்கு ஒரு ஹாம் செயற்கைக்கோள் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. அது தலைக்கு மேல் இருந்திருக்க வேண்டும், இரு பக்கமும் யாராவது விழித்திருக்க வேண்டும். அந்த வேலைக்கென்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல் வந்தது. ஹாம்கள் உதவியது அலைக்குப் பிறகு. அந்தச் சமயம் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அரட்டைக்காகக் கொண்டுபோன கருவிகளை அப்படியே நிவாரணப் பணிக்குத் திருப்பி, தீவுகளில் சிக்கியவர்களைப் பற்றிய தகவலை வெளியே அனுப்பினார்கள். பேரிடர்த் தொடர்புக்கும் பயன்படும்படி இந்தோனேசியா கட்டிய ஹாம் ரிப்பீட்டர் உள்ள செயற்கைக்கோள், 'ஐ.ஓ.86', 2015 செப்டம்பரில் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பியது. அது பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றுவதால், தனுஷ்கோடியின் தென்வானத்தில் ஒரு நாளைக்குப் பலமுறை வந்து போகிறது. அதை இயக்கும் நேரத்துக்கு அட்டவணை உண்டு. மகள் இப்போது அந்த அட்டவணையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். ஆனால் இப்படிப் போவதற்கு முன், கேட்டுப் பழக வேண்டும். முனையில் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். உப்புக் காற்று ஆன்டெனாவின் மூட்டுகளைச் சீக்கிரம் அரித்துவிடும், அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். ஜனவரியில் போனால் வழியில் பூநாரைகளையும் பார்க்கலாம்.

ஐந்து மணிக்குச் சொன்னபடி முனையை விட்டுக் கிளம்பினோம். ஐந்தேகாலுக்கு மேல் அடுத்த சுற்று வந்தபோது கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டியை ஓரம் கட்டினோம். இம்முறை அது மேற்கே, தாழ்வாகப் போனது. மகள் பேசவில்லை, ஹெட்போனின் ஒரு காதை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். யாரோ ஒருவர் திரும்பத் திரும்பத் தன் கால் சைனைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் பதில் சொல்வதற்குள் சத்தம் மங்கியது.

"பேசியிருக்கலாம்ல?" என்றேன்.

"பேட்டரி தீர்ந்துபோச்சும்மா" என்றாள்.