புள்ளி பெற்ற எழுத்து

தமிழிலக்கியம் பயிற்றும் நாம் மரபணுவைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்த எம் தாய்மாமனுக்குக் கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் ஒன்று தோன்றியது. வலி இல்லாமையால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மருத்துவரிடம் சென்றபோது கழுத்திலும் நெறி கட்டியிருந்தது. "மருமகனே, வாயில வந்தது கழுத்துக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். விடையை நாம் கற்றறியுமுன் அவர் மறைந்தார்.

சுவடி படித்தோர் அறிவர்: ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஒரே வடிவத்தைக் 'க' என்றும் 'க்' என்றும் படிக்க இடமுண்டு. உடலின் உயிரணுக்களில் இருப்பதும் ஏறத்தாழ ஒரே ஏடுதான். எதை ஒலிப்பது, எதை ஒலியாது விடுவது என்பதில்தான் தோலும் நரம்பும் வேறாகின்றன. இதையே மரபணு வெளிப்பாடு என்கின்றனர்.

வாயின் உட்தோலில் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் புரதங்களுள் ஒன்று ஈ-கேடெரின். வாய்ப்புற்றுகள் பலவற்றில் அதற்குரிய மரபணுவின் தொடக்கப்பகுதியில் மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி ஒட்டிக்கொள்கிறது. எழுத்து அழிவதில்லை, புள்ளி பெற்றதுபோல் உயிர் நீங்கி அடங்குகிறது. பிணைப்புத் தளர்கிறது. சூழ்ந்துள்ள திசுவைக் கரைக்கும் நொதிகள் மிகுகின்றன. கட்டவிழ்ந்த உயிரணு நிணநீர் வழியே கழுத்துக் கணுக்களை அடைகிறது. மாமா கேட்ட வினாவுக்கு விடை இதுவே.

2017இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 18 நோயாளிகளின் ஏறத்தாழ 6,000 உயிரணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர். கட்டியின் விளிம்பில் நிற்கும் உயிரணுக்களே இவ்வாறு பாதி உருமாறி, பரவலுக்கு ஆயத்தமாகின்றன என்று கண்டனர். கைக்குத் தட்டுப்படும் முன்பே பரவல் தொடங்கியிருக்கலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. தொடக்கநிலை வாய்ப்புற்றில் கழுத்துக் கணுக்களை முதலிலேயே அகற்றியோருள் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் வாழ்ந்தனர். கணு வீங்கிய பின் அகற்றலாம் என்று காத்திருந்தோருள் அது 67.5 விழுக்காடே.

நம் மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, மகிழ்ச்சியே. குற்றம் இலையினது அன்று. உடன்சேரும் பாக்கினதும் புகையிலையினதும் ஆகும். புகையிலை சேராத பாக்கும் புற்று விளைவிக்கும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் வெற்றிலைப் பையை மடியில் செருகிக்கொண்டு உழைப்போர் நம் உறவினரே. அவர்தம் வாயில் வெண்திட்டோ செந்திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ கண்டால், வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.