கைப்பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை

"ஊர் சுற்றப் போகும்போது கூடவா பத்தியம்?" என்று என் மகள் கேலி செய்தாள். அவளுக்கென்ன! சர்க்கரை வியாதிக்காரரைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாகச் சமைப்பவள் நானல்லவா?

2023 ஜூலையில் அட்லாண்டாவில் மகள் வீட்டில் இருந்தோம். அங்கிருந்து காரில் ஏழு மணி நேரம் பயணம் செய்து, ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போனோம். 1971-ல் ஆரம்பித்த இடம். ஒன்றல்ல, நாலு பெரிய பூங்காக்கள்! ஒன்றைச் சுற்றிப் பார்க்கவே ஒரு நாள் போதாது.

மாப்பிள்ளை சமையலறையோடு கூடிய வீடாகப் பார்த்து எடுத்திருந்தார். எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. தவிர, உள்ளே நம் சாப்பாட்டைக் கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாட்டில் மட்டும் கூடாது என்றார்கள். கேட்கவேண்டுமா! விடியற்காலையில் எழுந்து சப்பாத்தி இட்டு, உள்ளே கீரைப் பொரியலை வைத்துச் சுருட்டினேன். கொண்டைக்கடலைச் சுண்டல், ஆப்பிள், பாதாம் எல்லாம் தயார். தயிர் சாதம் மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டேன். அந்த வெயிலில் ஐஸ் பை இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை வெளியே வைக்கக்கூடாது.

உள்ளே போனால் எங்கு திரும்பினாலும் வாசனை! ஐஸ்கிரீம், பாப்கார்ன், கை கொள்ளாத வான்கோழிக் கால். அங்கே விற்கும் 600 மில்லி கோலாவில் 65 கிராம் சர்க்கரை இருக்கிறது. 13 டீஸ்பூன்! குளிர்பானம் ஊற்றித் தரும் கடைகளில் கேட்டால், ஐஸ் தண்ணீர் காசில்லாமலே தருகிறார்கள். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. "என் பையில் ஒரு துளி சர்க்கரை கிடையாது" என்று மகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

காலை ஏழரைக்கு இவர் இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். பன்னிரண்டுக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும். பேத்தி ஆசைப்பட்டாளே என்று ஒரு ராட்டின வரிசையில் நின்றோம். மணி ஒன்றேகால் ஆகிவிட்டது. அதற்குள் பதினையாயிரம் அடி நடந்தாயிற்றென்று மாப்பிள்ளையின் கடிகாரம் சொன்னது.

இவருக்கு வியர்த்துக் கொட்டியது. 'வெயில்தானே, எல்லாருக்கும்தான் வியர்க்கிறது' என்று இருந்துவிட்டேன். காரணமில்லாமல் பேத்தியிடம் எரிந்து விழுந்தார். குரல் உயர்த்தாத மனுஷர் ஆயிற்றே! கையைப் பிடித்தேன். நடுங்கியது.

"என்னங்க பண்ணுது?"

"தெரியலை... கண்ணு என்னமோ மங்கலா இருக்கு."

வரிசையைவிட்டு வெளியே வந்து, நிழலில் உட்கார வைத்து, விரலில் குத்திப் பார்த்தோம். 58! எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்நிலை. என் பையைத் துழாவுகிறேன்: பாதாம், சுண்டல், சப்பாத்தி. அவசரத்துக்கு இவை உதவாது. ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர நேரம் பிடிக்கும். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பேத்திதான் தன் ஆப்பிள் ஜூஸ் டப்பாவை நீட்டினாள். "தாத்தா குடிக்கட்டும் பாட்டி!" காலையில் இதே டப்பாவுக்காக அவளைக் கடிந்துகொண்டவள் நான்.

முக்கால் டப்பா குடித்தார். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தோம். 92. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சப்பாத்தியைப் பிட்டுக் கொடுத்தேன். இனிமேல்தான் அந்தச் சப்பாத்திக்கு வேலை!

ஊர் திரும்பியதும் எங்கள் டாக்டரிடம் சொன்னேன். "அவர் சாப்பிடுற கிளிமிபிரைட் சர்க்கரையை இறக்குற மாத்திரை. நடையும் இறக்கும். சாப்பாடும் தள்ளிப்போனா என்னம்மா ஆகும்? நாள் முழுக்க நடக்கிற ஊருக்குப் போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க. மாத்திரை அளவை மாத்தணுமான்னு பார்க்கலாம்" என்றார்.

எனவே, வெளியூர் கிளம்பும் சகோதரிகளுக்கு என் அனுபவம் இது. எண்ணெய், இனிப்பைத் தவிர்ப்பது சரிதான். ஆனால் வேளை தவறாமல் சாப்பிடுவதுதான் முதல் பத்தியம். ராட்டினம் எங்கும் ஓடிவிடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டு, தண்ணீர் குடியுங்கள். பாத்ரூம் தேட வேண்டுமே என்று நம் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது பெரிய தவறு. அங்கே சுத்தமான கழிப்பறைகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி நிலையம் உண்டு. நுழைந்ததுமே அது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

மறுநாளிலிருந்து என் கைப்பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தனிப் பொட்டலமாக. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும்.

"சர்க்கரைன்னா முறைக்கிறவ கையிலேயே சர்க்கரைப் பொட்டலமா?" என்று இவர் சிரித்தார்.

சிரிக்கட்டும். சிரிக்க அவர் பக்கத்தில் இருக்கிறாரே, அது போதாதா!