ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ வெடிமருந்தும்

ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ வெடிமருந்து. எதில் சக்தி அதிகம்? யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். வெடிமருந்து என்றுதானே சொன்னீர்கள்? தப்பு! அரிசியில் சுமார் 3,500 கிலோ கலோரி. கல்குவாரியில் போடும் அமோனியம் நைட்ரேட் - டீசல் கலவையில் 900 சொச்சம்தான். கிட்டத்தட்ட ஒரு யூனிட் கரண்ட், அவ்வளவே. பாறை பிளப்பது வேகத்தால். அரிசி நமக்குள் நாள் முழுக்க நிதானமாக எரிகிறது. இந்தக் கலவையோ விநாடிக்கு மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் வேகத்தில் வெடித்து முடித்துவிடுகிறது.

புதுக்கோட்டையில் திருமயம், இலுப்பூர் பக்கம் போனவர்களுக்கு அந்த வேட்டுச் சத்தம் பழக்கமாக இருக்கும். 'ஆஹா, என்ன பவர்!' என்று வாய் பிளப்போம். நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் புத்தி போகும். அந்தச் சத்தம் எந்தக் கணக்கில் வரும்? சந்தேகமே வேண்டாம், நஷ்டக் கணக்கில்தான்.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் குவாரி வெடிகளைக் கருவி வைத்து அளந்து, 2007-ல் கணக்கை வெளியிட்டார்கள். மருந்தின் சக்தியில் பாறையை உடைக்கப் போனது 2 முதல் 6 சதவிகிதம். உடைந்ததைத் தள்ளி எறிய 3 முதல் 21. பூமி அதிர்வாக 1 முதல் 3. எல்லாம் சேர்த்து அளக்க முடிந்தது அதிகபட்சம் 26 சதவிகிதம். மிச்சமெல்லாம் சூடு, புகை, சத்தம். நூறு ரூபாய் முதல் போட்டு ஆறு ரூபாய்க்கு வேலை வாங்குகிற வியாபாரத்தை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

பூமி அதிர்வுக்குப் போகிறதே ஒன்றிரண்டு சதவிகிதம், பக்கத்து ஊர்ச் சுவரை ஆட்டிப் பார்ப்பது அதுதான்.

இதைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. துளையின் வாயை வெறும் துளைத்தூளால் மூடினால் வாயு பீறிட்டு வெளியே ஓடிவிடும். பொடி ஜல்லியை இறுக்கி அடைத்தால் அது உள்ளேயே நின்று பாறையைப் பிளக்கும். எல்லாத் துளையையும் ஒரே நேரத்தில் வெடிக்காமல், சில மில்லி விநாடி இடைவெளி விட்டு வரிசையாக வெடித்தால் கல்லும் ஒழுங்காக உடையும், அதிர்வும் குறையும். 2025 ஏப்ரல் 1 முதல் மின் டெட்டனேட்டர்களுக்கு நம் நாட்டில் தடை வந்துவிட்டது. அதனால் இந்த இடைவெளியைத் துல்லியமாக வைக்கக்கூடிய மின்னணு கேப்புகள் பக்கம் குவாரிகள் போவதற்கு இது நல்ல நேரம்.

சரி, முதலாளிக்கும் லாபம், ஊருக்கும் நிம்மதி என்றால் ஏன் எல்லாரும் செய்வதில்லை? இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. ஒரு கன மீட்டர் பாறை சுமார் 2.6 டன். அதைப் பெயர்க்க அரைக் கிலோ மருந்து என்று வைத்துக்கொண்டால், டன்னுக்குக் கால் யூனிட் சக்திகூட இல்லை. அதே டன்னை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் ஆக்க கிரஷர் தின்னும் கரண்ட் அதைப்போலப் பல மடங்கு. வெடியை ஒழுங்காக வைத்துச் சின்னதாக உடைத்துக் கொடுத்தால் கிரஷரில் மிச்சமாகும். ஆனால், வெடி பில் ஒருவர் பார்ப்பார், கரண்ட் பில் இன்னொருவர் பார்ப்பார். வெடிக்காரர் மருந்தில் சிக்கனம் பிடிப்பார். யானை யானையாகக் குண்டுக்கல் விழும். பிறகு அதன் முதுகில் மருந்தை வைத்து, மேலே களிமண் அப்பி மறுபடி ஒரு வேட்டு. இருப்பதிலேயே ஊதாரி வேட்டு அதுதான். முக்கால்வாசி ஆகாயத்துக்கு!

இதே புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. அந்தப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது பிரபலமான கதை. குவாரிக் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கல்லை உடைக்கிற கையே கணக்கையும் எழுதியது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். உழைப்பும் செலவும் ஒரே நோட்டில் வந்தன.

அதிர்வுக்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997-ம் வருட வரம்புப்படி, மெதுவான அதிர்வென்றால், அதாவது விநாடிக்கு எட்டுத் துடிப்புக்குள் என்றால், ஊரார் வீட்டருகே விநாடிக்கு 5 மில்லி மீட்டர். பழஞ்சின்னங்களுக்கு வெறும் 2. சித்தன்னவாசல் ஓவியங்கள் இருக்கிற மாவட்டம் இது, ஞாபகம் இருக்கட்டும்.

அளக்கிற கருவியும் இருக்கிறது. ஆனால், ரீடிங் யார் கையில்? கேட்பது அங்கே சுலபமில்லை. 2025 ஜனவரியில், சட்டவிரோதக் குவாரிகள் பற்றிப் புகார் கொடுத்துவந்த ஒருவர் திருமயம் அருகே லாரி மோதி இறந்தார். அந்தக் கொலை வழக்கில் குவாரிக்காரர்கள் கைதானார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் எத்தனை கிலோ மருந்து, எத்தனை மில்லி மீட்டர் அதிர்வு என்று பஞ்சாயத்து ஆபீஸ் கரும்பலகையில் அன்றன்றைக்கே எழுதிப் போட ஒரு சாக்பீஸ்தானே செலவு?