விட்பியில் கதைக்க ஆள் தேடி

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் கழிய வருவது விட்பி. 2021 குடிசன மதிப்பின்படி 138,501 பேர் வாழும் ஊர். வேலைக்குக் கிட்ட என்று எம்மவர் பலர் இங்கே வந்தோம். வீடு கிடைத்தது, கதைக்க ஆள்தான் இல்லை.

வீட்டில் ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் ஸ்காபரோ மைத்துனரின் இலக்கத்தைத்தான் எழுதினோம். பனி கொட்டினால் அவர் வந்துசேர ஒன்றரை மணித்தியாலம்!

ஊரில் நாங்கள் சிநேகிதம் தேடிப் போனதில்லை. சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் பார்க்கப் போனோம், சந்திக் கடையில் பிளேன்ரீ குடித்தோம். நாளும் அதே முகங்கள். சிநேகிதம் தானாக வந்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் என்பவர் 2018இல் இதைக் கணக்காகவே சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணித்தியாலம், நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் சேர்ந்திருக்க வேண்டுமாம். வேலைத்தலத்தில் பக்கத்தில் நிற்கும் நேரம் அவ்வளவாக உதவாதாம். மெசின் சத்தத்துக்குள் நிற்கும் எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மணித்தியாலங்களுக்கு விட்பியில் இடம் உண்டு. டண்டாஸ் வீதியும் ஹென்றி வீதியும் சந்திக்கும் இடத்தில் நூலகம். உள்ளே போய் இருக்கக் காசில்லை. எங்களுக்குப் பிடித்தது விக்ரோறியா வீதிப் பக்கம், ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள லிண்ட் ஷோர்ஸ் காடு. மூன்று குடும்பங்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே நடக்கிறோம். போன் பண்ணி அழைப்பதில்லை. வருபவர் வரலாம், வராதவரிடம் கேள்வியில்லை. வீட்டுக்கு அழைத்தால் சமையல், துப்புரவு என்று பெண்களுக்கு அது இன்னொரு ஷிப்ற்.

முதல் மாதம் வேலை, வாடகை, வெயில், பனி என்றே கதை போனது. மெல்ல மெல்லத்தான் யார் எந்த ஊர், யாரை இழந்தவர் என்பது தெரியவந்தது. கார்த்திகையில் ஒரு நாள் பிள்ளைக்குப் பள்ளியில் காய்ச்சல். நாங்கள் இருவரும் வேலையில். அந்த நடைக்கு வரும் அக்கா பத்து நிமிடத்தில் போய் ஏற்றிவந்து கஞ்சியும் கொடுத்திருந்தார்.

வர விரும்புவோர் கவனிக்க: வாகனத் தரிப்பிடத்துக்குக் கட்டணம் உண்டு. உப்பில்லாத சூரியகாந்தி விதை கொஞ்சம் கொண்டுவாருங்கள். அங்குள்ள சிக்கடிக் குருவிகள் மாரியில் உள்ளங்கையிலேயே வந்திருந்து கொத்தும். பிள்ளைகளின் கைதான் நடுங்கும், குருவிக்குப் பயமில்லை.